ஊன்றுகோலும் நம் உடுப்புதான்

எங்கள் வீட்டு விசேஷ ஆல்பங்களில் எதைப் புரட்டினாலும் நான் இருப்பேன், என் ஊன்றுகோல் இருக்காது. அக்கா கல்யாணம், மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா, தங்கை மகளின் காதுகுத்து என்று எல்லாப் படங்களிலும் ஒரு நாற்காலியின் முதுகையோ பக்கத்தில் நிற்பவரின் தோளையோ பிடித்தபடி சிரித்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதில் வந்த போலியோவால் வலது கால் வளரவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து காலில் மாட்டும் கேலிப்பரும் கட்டையும்தான் என்னை நடக்க வைத்தவை. ஆனால் கேமராவைக் கண்டதும் பெரியம்மா ஓடி வருவார். "கண்ணு, அந்தக் கட்டைய அப்படி ஓரமா வெச்சுட்டு வா சாமி, போட்டோவுல விழுந்துரும்."

பெரியம்மா அளவுக்கு என்மேல் பாசம் வைத்தவர்கள் குறைவு. பிள்ளையின் குறை நாலு பேர் கண்ணில் பட வேண்டாமே என்ற தவிப்பில் சொன்னது அது. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்குள் ஒன்று பதிந்துவிட்டது: என்னைத் தாங்குகிற பொருள் மறைத்து வைக்க வேண்டிய பொருள். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன், கல்லூரி போனேன், வேலைக்கும் போனேன். ஒவ்வொரு இடத்திலும் முதல் வேலையாக அதை மேசைக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

இந்தப் பதிவு அந்தப் பழக்கத்துக்கு எதிராக எழுதப்படுகிறது. நிறம் ஏற்றிய ஊன்றுகோல், அளவெடுத்துச் செய்த வீல்சேர், பூப்போட்ட செயற்கைக்கால் இவையெல்லாம் ஒரு மாற்றுத்திறனாளியின் தன்னம்பிக்கைக்கு என்ன செய்யும் என்பதை, நான் வாழ்ந்து பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

மயில்கழுத்து நிறம்

கோயம்புத்தூரில் பவுடர் கோட்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. கேட், கிரில், ஜன்னல் சட்டம் என்று எதைக் கொண்டுபோனாலும் நிறம் ஏற்றிக் கொடுப்பார்கள். சித்தி மகன் அப்படி ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் தங்கையின் கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த பட்டு மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர். சேலையைப் பார்த்தவன், "அக்கா, உங்க எல்போ ஸ்டிக்கைக் கொஞ்ச நாளைக்குக் குடுங்க, அதுவரைக்கும் பழசை வெச்சுச் சமாளிச்சுக்குங்க" என்று வாங்கிப் போனான்.

அலுமினியத்தின் அந்த ஆஸ்பத்திரிச் சாம்பல் நிறம் போய், வெளிச்சம் பட்டால் நீலமும் நிழலில் பச்சையுமாக மின்னும் ஒரு ஊன்றுகோல் திரும்பி வந்தது. கைப்பிடி கறுப்பு. முழங்கைக்குக் கீழே பிடிக்கும் வளையத்தில் அரக்கு.

கல்யாண மண்டபத்தில் நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். வழக்கமாகப் புதிதாகப் பார்க்கும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "ஐயோ, காலுக்கு என்னம்மா ஆச்சு? பொறந்ததுல இருந்தேவா?" அன்றைக்குக் கேட்டது, "ஏனுங்க, இது எங்க வாங்குனீங்க?" மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் மாமியாரின் வாக்கருக்கும் இப்படி நிறம் ஏற்ற முடியுமா என்று விசாரித்தாள். குழு போட்டோவுக்கு நின்றபோது பெரியம்மா வந்தார். நான் ஸ்டிக்கை எங்கே வைப்பது என்று பார்த்தேன். அவரோ என் முந்தானையை இழுத்து ஸ்டிக்குக்குப் பக்கத்தில் விட்டு, "அட, ரெண்டும் ஒரே கலரு!" என்று சிரித்தார்.

என் கால் அன்றைக்கும் அதே கால்தான். மண்டபத்துப் படிகளில் அன்றைக்கும் கைப்பிடி இல்லை. ஆனால் அந்த முதல் கேள்வி மாறியது. ஒருவர் நம்மிடம் முதலில் கேட்கும் கேள்விதான் அதற்குப் பிறகு வரும் பேச்சு முழுவதையும் தீர்மானிக்கிறது. "என்ன ஆச்சு?" என்று தொடங்கினால் நான் நோயாளி, கேட்பவர் ஆறுதல் சொல்ல வந்தவர். "எங்க வாங்குனீங்க?" என்று தொடங்கினால் இரண்டு பேரும் சமம். எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான். தன்னம்பிக்கை என்று நாம் பெரிதாகப் பேசுவதில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பார்ப்பவர்களின் கண்ணைத் தடுக்க நம்மால் முடியாது. அந்தக் கண் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம்.

மூக்குக்கண்ணாடிக்குக் கிடைத்தது

என் பள்ளி நாட்களில் கண்ணாடி போட்ட பிள்ளைக்கு 'சோடாபுட்டி' என்றுதான் பெயர். பெண் பார்க்க வரும்போது கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்ன வீடுகள் எத்தனையோ. இன்றைக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனால் சுவர் முழுக்க ஃபிரேம்கள். முகத்துக்கு எது பொருந்தும் என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எடுக்கிறோம். பவர் இல்லாதவர்கள்கூட ஸ்டைலுக்காகப் போடுகிறார்கள். கண்ணாடியும் உடலின் குறை ஒன்றை ஈடுகட்டும் கருவிதான். ஆனால் அதை யாரும் அப்படி நினைப்பதில்லை. தேர்ந்தெடுக்க ஐந்நூறு வகை கிடைத்ததும் அது உடுப்போடு சேர்ந்துவிட்டது.

கிரஹாம் புல்லின் என்ற வடிவமைப்பாளர் 2009-ல் எழுதிய 'டிசைன் மீட்ஸ் டிஸெபிலிட்டி' என்ற புத்தகத்தில் இந்தக் கேள்வியைத்தான் எடுக்கிறார். மூக்குக்கண்ணாடி அலங்காரப் பொருளாக முடிந்தது. காது கேட்கும் கருவியோ, வருஷத்துக்கு வருஷம் சின்னதாகவும் தோல் நிறமாகவும் ஆகி ஒளிந்துகொண்டே போனது. ஏன்? கண்ணாடியை வடிவமைத்தவர்கள் போடுபவரை உடை அணியும் மனிதராகப் பார்த்தார்கள், காதுக்கருவியை வடிவமைத்தவர்கள் நோயாளியாகப் பார்த்தார்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ஊன்றுகோலும் வாக்கரும் கேலிப்பரும் இன்னும் அந்தக் காதுக்கருவி பக்கம்தான் நிற்கின்றன.

நமக்கு இது புதிதா?

தடியைப் பெருமையோடு பிடித்த ஊர்தான் நம் ஊர். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி இல்லாமல் அந்தக் காலத்துப் பண்ணையார் வீட்டை விட்டு இறங்கமாட்டார். பெரியாரை அவருடைய கைத்தடி இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? ஊர் ஊராக நிற்கும் அவருடைய சிலைகளில் தாடி எவ்வளவு அடையாளமோ அந்தத் தடியும் அவ்வளவு அடையாளம். கலைஞர் கருணாநிதி கடைசி ஆண்டுகளில் மோட்டார் வீல்சேரில்தான் வந்தார். மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாக, அதில் உட்கார்ந்தபடியே 2011, 2016 தேர்தல் பிரசாரங்களைச் செய்தார். கூட்டம் பார்க்க வந்தது அவரை. வீல்சேர் அவரோடு வந்தது, அவ்வளவே.

என் அப்பா விஷயத்தில் இது வீட்டிலேயே நடந்தது. எழுபதைத் தாண்டிய பிறகு ஒருமுறை குளியலறை வாசலில் தடுமாறி விழுந்தார். டாக்டர் ஸ்டிக் வைத்து நடக்கச் சொன்னார். மருந்துக்கடையில் வாங்கி வந்த அலுமினிய ஸ்டிக் கதவுக்குப் பின்னால் சாய்ந்தே கிடந்தது. "அதப் புடிச்சுட்டு வெளிய போனா கெழவன்னு ஊரே முடிவு பண்ணிரும்" என்றார். அப்புறம் பரணில் கிடந்த தாத்தாவின் கைத்தடியை எடுத்து, ஆசாரியிடம் கொடுத்து அப்பாவின் உயரத்துக்கு அறுத்து, கீழே ரப்பர் புஷ் போட்டு, பூணைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தோம். மறுநாள் காலையில் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு தடிகளும் செய்யும் வேலை ஒன்றுதான். ஒன்று அவரை நோயாளி ஆக்கியது, மற்றது அவரைத் தன் அப்பாவின் மகன் ஆக்கியது.

மறைக்காமல் வாழ்ந்தவர்கள்

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பலருக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதில் போலியோ, 1925-ல் பேருந்து விபத்தில் முதுகெலும்பு முறிவு, 1953-ல் வலது காலை எடுக்க வேண்டிய நிலை. உடம்பைப் பிடித்து நிறுத்திய பிளாஸ்டர் கவசங்களின்மேல் அவர் ஓவியம் தீட்டினார். செயற்கைக்காலுக்குச் சிவப்புத் தோலில் பூட்ஸ் செய்து, அதில் சீன வேலைப்பாடு கொண்ட பட்டுத்துணியை வைத்துத் தைக்கச் செய்தார். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 2018-ல் நடந்த கண்காட்சியில், அவருடைய உடைகளோடும் நகைகளோடும் அந்தக் காலும் வைக்கப்பட்டிருந்தது. அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

அமெரிக்கரான ஏமி மல்லின்ஸுக்குக் குழந்தையிலேயே முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் எடுக்கப்பட்டன. 1996 அட்லாண்டா பாராலிம்பிக்ஸில் ஓடினார். 1998-ல் அலெக்சாண்டர் மெக்வீன் லண்டனில் நடத்திய ஃபேஷன் ஷோவில் மரத்தில் செதுக்கிய கால்களோடு நடந்தார். திராட்சைக் கொடியும் மலரும் செதுக்கிய அந்தக் கால்களை பூட்ஸ் என்றே பலர் நினைத்துவிட்டார்கள். தன்னிடம் இருக்கும் பன்னிரண்டு ஜோடிக் கால்களைப் பற்றி 2009-ல் அவர் பேசிய டெட் (TED) உரையைக் கேட்டுப் பாருங்கள். உயரமான கால்களைப் போட்டுக்கொண்டு ஒரு விருந்துக்குப் போனபோது, இப்படி உயரத்தை மாற்றிக்கொள்வது நியாயமே இல்லை என்று ஒரு தோழி சொன்னாளாம். பரிதாபப்பட வேண்டியவளைப் பார்த்துப் பொறாமைப்படும் அந்த நொடியை நான் பலமுறை நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கதை மேரிலின் ஹாமில்டனுடையது. கலிஃபோர்னியாவில் 1978-ல் ஹாங் கிளைடரில் பறக்கும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வீல்சேர் இரும்பும் குரோமியமுமாகத் தூக்க முடியாத கனம். கிளைடர் செய்யும் இரண்டு நண்பர்களிடம், அதே அலுமினியக் குழாயில் எனக்கொரு வீல்சேர் செய்யுங்கள் என்று கேட்டார். செய்தார்கள். எடை ஏறக்குறைய பாதியானது. கூடவே பளிச்சென்ற நிறங்களும் வந்தன. 'குவிக்கி' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது வீல்சேர் என்றால் என்ன என்ற எண்ணமே மாறத் தொடங்கியது. அழகும் வசதியும் எதிரிகள் என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில். பயன்படுத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் இரண்டும் சேர்ந்தே வரும்.

அயர்லாந்தில் எல்வா கீன் என்ற பெண், முதுகெலும்புக் குறையோடு பிறந்த தன் தங்கை இஸியின் வீல்சேருக்காக, சக்கரத்தின் பக்கவாட்டை மூடும் வண்ண வட்டத் தகடுகளைக் கல்லூரிக் கடைசி ஆண்டு வேலையாக வடிவமைத்தார். 2016-ல் அது 'இஸி வீல்ஸ்' என்ற தொழிலானது. பல நாட்டு ஓவியர்கள் அதற்கு வரைந்திருக்கிறார்கள். தங்கை போட்டிருக்கும் கவுனுக்கு ஏற்ற சக்கரம் வேண்டும் என்று ஒரு அக்காவுக்குத் தோன்றியது. அதிலிருந்து வந்தது எல்லாம்.

தோல் நிறமும் ஒரு ஸ்டைல்தான்

இவ்வளவும் படித்துவிட்டு, எல்லோரும் பளபளவென்று போக வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன் கிடைத்த வெளிநாட்டுப் பாதம் ஷூவுக்குள் மறைத்துப் போடுவதற்கென்று செய்யப்பட்டது. நம் நாட்டில் வீட்டுக்குள் செருப்பு கிடையாது, கோயிலுக்குள் கிடையாது, வயலில் கிடையாது. சம்மணம் போட வேண்டும், குத்துக்காலிட வேண்டும், சேற்றில் இறங்க வேண்டும். ரப்பரில் செய்த ஜெய்ப்பூர் பாதத்தில் விரல்கள் உண்டு, நிறம் நம் நிறம், வெறுங்காலோடு நடக்கலாம். அந்தச் சாதாரணத் தோற்றம்தான் பல பேருக்கு வெளியே போகும் தைரியத்தைக் கொடுத்தது. சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது.

அதே 1981-ல்தான் பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரனுக்குத் திருச்சி பக்கம் பேருந்து விபத்து நடந்து, பிறகு வலது காலை எடுக்க நேர்ந்தது. ஜெய்ப்பூர் காலோடு பயிற்சி செய்து மேடைக்குத் திரும்பினார். அவர் கதையை வைத்து எடுத்த 'மயூரி' படத்தில் அவரே நடித்தார். சலங்கை கட்டவும் தரையைத் தட்டவும் அவருக்குத் தேவைப்பட்டது பாதம் போலவே இருக்கும் ஒரு பாதம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பைக் விபத்தில் காலை இழந்தவன். அவன் அரைக்கால் டிரவுசர்தான் போடுவான், உலோகக் குழாய் அப்படியே வெளியே தெரியும். அதில் தன் பைக்கின் ஸ்டிக்கரையே ஒட்டியிருக்கிறான். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரோ, செயற்கைக்கால் சேலைக்குக் கீழே துளிகூடத் தெரியக் கூடாது என்பவர். இரண்டு பேரும் சரி. அந்தத் தம்பியை டீச்சரைப் போல மறைக்கச் சொன்னாலும் தப்பு, டீச்சரைத் தம்பியைப் போலக் காட்டச் சொன்னாலும் தப்பு. தெம்பைக் கொடுப்பது வண்ணம் என்பதைவிட, எனக்கு எது வேண்டும் என்று நானே சொல்லி அது கையில் கிடைப்பது.

இதை நான் மனம்போன போக்கில் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1993-ல் வெளியான ஃபிலிப்ஸ், ஜாவ் ஆய்வு இதற்குப் பெயர்பெற்றது. உதவிக் கருவிகள் வாங்கிய 227 பேரை விசாரித்ததில், 29.3 சதவீதக் கருவிகள் பயன்படுத்தப்படாமல் கைவிடப்பட்டிருந்தன. கைவிடுவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துகிறவரின் விருப்பத்தைக் கேட்காதது. என் அப்பாவின் அலுமினிய ஸ்டிக் கதவுக்குப் பின்னால் கிடந்த கதைதான் அது. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில் 250 கோடிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு உதவிக் கருவி தேவைப்படுகிறது. ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவே இல்லை. அவ்வளவு அரிதாகக் கிடைக்கும் ஒன்று, பிடிக்காத காரணத்தால் மூலையில் கிடந்தால் எவ்வளவு பெரிய நஷ்டம்!

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

முதலில் அளவு, பிறகு அழகு. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடியும் இடத்துக்கு ஸ்டிக்கின் கைப்பிடி வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். ஒற்றை ஸ்டிக்கைப் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அக்குள் கட்டை வைத்திருப்பவர்கள் அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். உடம்பின் பாரத்தை அக்குளில் போட்டால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள். வழுக்கி விடும் ஸ்டிக் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பவுடர் கோட்டிங் செய்வதென்றால் கைப்பிடி, ரப்பர், பிளாஸ்டிக் வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும் அடுப்பில் அவை உருகிவிடும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் உள்குழாயிலும் ஓட்டைகளிலும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். அங்கே கோட்டிங் ஏறினால் குழாய் இறுகிக்கொள்ளும், பட்டன் சரியாகப் பூட்டாது. பட்டறைக்குப் போக முடியாதவர்களுக்கு பைக் ஸ்டிக்கர் கடை போதும். கைப்பிடியில் மட்டும் வழுக்குகிற துணியோ சாட்டினோ சுற்ற வேண்டாம். சைக்கிள் கடையில் கிடைக்கும் கிரிப் நன்றாகப் பிடிக்கும். இரவில் வெளியே போகிறவர்கள் ஒளியைத் திருப்பிக் காட்டும் டேப்பை அலங்காரமாகவே ஒட்டலாம். அழகும் ஆச்சு, லாரிக்காரர் கண்ணிலும் படும்.

வீல்சேர் மெத்தைக்குச் சுங்குடியிலோ செட்டிநாட்டுக் கைத்தறியிலோ உறை தைக்கலாம். ஆனால் உறை தளர்வாக இருக்கட்டும். இறுக்கமாகத் தைத்தால் மெத்தை அமுங்காது, அதன் வேலையே கெட்டுவிடும். உட்காரும் பக்கத்தில் மணி, ஜரிகை, கண்ணாடி வேலைப்பாடு எதுவுமே வேண்டாம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சின்ன மணிகூடப் படுக்கைப்புண் ஆகிவிடும். அந்த வேலைப்பாடுகளை முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கால் செய்யக் கொடுப்பவர்கள், கால் நுழையும் உறையை ரெசின் ஊற்றி இறுக்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த துணியை மேல் அடுக்காக வைத்தே செய்ய முடியும். குழந்தைகளின் பிளாஸ்டிக் கேலிப்பர்களிலும் வண்ணத்துப்பூச்சி, கார், நட்சத்திரம் என்று படம் பதிக்கலாம். பள்ளிக்கூடத்தில் கேலிப்பரைக் கழற்றிப் பையில் ஒளித்து வைக்கும் குழந்தையை அது மாற்றும்.

பார்வையற்றவர்களின் வெள்ளைக்கோலில் மட்டும் நிறத்தை மாற்ற வேண்டாம். பிரிஸ்டல் நகரத்தில் பார்வை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர், வாகன ஓட்டிகளுக்குத் தெரிய வேண்டும் என்று 1921-ல் தன் கோலுக்கு வெள்ளை அடித்தார். அந்த வெள்ளைதான் இன்று உலகம் முழுக்க வண்டியை நிறுத்தச் சொல்லும் குறி. கைப்பிடியையும் கயிற்றையும் உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வீல்சேர் வாங்கும் நிலையில் இருப்பவர்கள் சென்னை ஐஐடியின் ஆர்2டி2 (மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி) மையத்திலிருந்து வந்தவற்றைப் பாருங்கள். 'நியோமோஷன்' நிறுவனத்தின் 'நியோஃப்ளை', உட்காருபவரின் உடல் அளவுகளை எடுத்துச் செய்யப்படுவது. அதன் முன்பக்கம் 'நியோபோல்ட்' என்ற மோட்டார் பகுதியை மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை சாலையில் போகலாம். பார்த்தாலே இளைஞர்கள் ஓட்டும் வண்டி மாதிரி இருக்கிறது. 2025-ல் ஐஐடி அறிமுகப்படுத்திய 'ஒய்டி ஒன்' வீல்சேரின் எடை 9 கிலோதான். விலை எல்லோருக்கும் எட்டாது என்பது உண்மை. ஆனால் இவையெல்லாம் நம் ஊரிலேயே செய்யப்படுகின்றன என்பது, நாளைக்கு அரசுத் திட்டங்கள் வழியாகவும் இவற்றைக் கேட்டுப் பெறலாம் என்ற நம்பிக்கையைத் தருகிறது.

அழகு மட்டும் போதாது

1997-ல் பார்பி பொம்மைகளைச் செய்யும் நிறுவனம் வீல்சேரில் உட்கார்ந்த பெக்கி என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. குழந்தைகள் ஆசையாக வாங்கினார்கள். ஆனால் பெக்கியின் வீல்சேர் பார்பியின் கனவு வீட்டு லிஃப்டில் நுழையவில்லை. 2019-ல் வீல்சேர் பார்பியும் செயற்கைக்கால் பார்பியும் வந்தபோது வீல்சேருடன் சாய்தளமும் சேர்த்தே கொடுத்தார்கள். பொம்மைக்கே அது தேவைப்பட்டது என்றால் மனிதர்களுக்கு?

என் மயில்கழுத்து ஸ்டிக் கைப்பிடி இல்லாத படியில் என்னைத் தூக்கிவிடாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களில் தடையற்ற வசதியை உரிமையாகவே சொல்கிறது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடல் அருகே போக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகிப் பிறகு சரிசெய்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அலையைப் பக்கத்தில் பார்த்தவர்களின் முகங்களைச் செய்திகளில் பார்த்து நான் அழுதேன். தன்னம்பிக்கையோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்குப் போய்ச் சேர ஒரு பாதையும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

இதற்கெல்லாம் செலவு செய்வது ஆடம்பரம் என்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆயுத பூஜை அன்று நம் ஊரில் எந்த வண்டிக்கும் பொட்டு வைக்காமல் விடுவதில்லை. சைக்கிளுக்குச் சந்தனம், ஆட்டோவுக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று. நமக்காக உழைக்கும் பொருளை அழகாக வைத்திருப்பது மரியாதை என்று நமக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரு உடம்பைத் தாங்கும் ஊன்றுகோலுக்கு அந்த மரியாதை கூடுதலாகவே உண்டு.

உதவி உபகரண முகாம் நடத்துகிறவர்களே, அதிகாரிகளே, நன்கொடை தருகிற நல்ல மனங்களே, உயரம் எடை எழுதும் படிவத்தில் இன்னும் ஒரே ஒரு கட்டம் சேர்த்து, என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். நாலு நிறத்தில் வரவழைத்தால்கூடப் போதும். வீட்டில் ஸ்டிக்கோ வாக்கரோ வீல்சேரோ வைத்திருப்பவர்கள் இருந்தால், அவர்களுக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று இன்றைக்கே கேளுங்கள். சொன்னதைச் செய்து கொடுங்கள். கேட்க யாருமில்லை என்றால் நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ளுங்கள், தயங்காதீர்கள். நம்மைச் சுமக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்குத்தான்.